என் பயம் என் பிள்ளைக்கும் வருமா?

சென்ற ஆண்டு எஸ்.பி.எம். சோதனை நடந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் பொழுது சாயும் வேளையில் ஓர் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டுப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போன கெட்டிக்கார மாணவி ஒருத்தியின் தாயார் அவர். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கதவோரமே நின்றுகொண்டு சொன்னார்.

"டீச்சர், புள்ள கணக்குச் சோதனையில பாதியிலேயே எழுந்து வெளிய ஓடிருச்சி. நெஞ்சு அடைக்குது, செத்துப் போயிருவேன்னு அழுதிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இருதயம் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"அதுதான் நல்ல செய்தியாயிற்றே, ஏனம்மா அழுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கும் இப்படித்தான் டீச்சர், கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இருக்கு. எங்கம்மாவுக்கும் இருந்திச்சி. மரம் வெட்டப் போன எடத்துல கத்தியப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடியாந்துரும். பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாங்க. இப்ப மாமியா வீட்டுல, 'ஒன் ரத்தந்தான் புள்ளைக்கு வந்திருக்கு'ன்னு சொல்றாங்க. நெசமா டீச்சர்? நாந்தான் குடுத்தேனா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் டாக்டர் அல்ல. பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் அந்தத் தாயின் முகம் என்னைத் தூங்கவிடவில்லை. தேடிப் படித்தேன், தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தேன். நம் தோட்டத்து வீடுகள் பலவற்றில் இதே கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கும் என்பதால், அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இது என்ன வியாதி?

எந்த ஆபத்தும் இல்லாத நேரத்தில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது. உடல் வேர்த்து நடுங்குகிறது. விரல்கள் மரத்துப் போகின்றன. தலை சுற்றுகிறது. "இதோ சாகப் போகிறேன்" என்றோ "பைத்தியம் பிடிக்கப் போகிறது" என்றோ ஒரு பெரும் பயம் வந்து கவ்விக்கொள்கிறது. சில நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல அடங்குகிறது.

இதைப் பீதித் தாக்குதல் என்கிறார்கள். வாழ்நாளில் ஒரு முறை இரு முறை இப்படி வருவது பலருக்கும் உண்டு. அது வியாதி அல்ல. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, "அடுத்தது எப்போது வருமோ" என்ற கவலை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, பஸ், சந்தை, கோயில் கூட்டம் என்று ஒவ்வோர் இடமாக ஒதுங்கத் தொடங்கினால், அதுதான் பீதி நோய். 'பேனிக் டிசோர்டர்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

நூறு பேரை எடுத்துக்கொண்டால் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் இது வரலாம் என்று பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. பெரும்பாலும் பதினெட்டு வயதை ஒட்டியோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. பரீட்சை, முதல் வேலை, கல்யாணம், முதல் பிரசவம் எல்லாம் வருகிற வயது அதுதானே!

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று பெரியவர்கள் சொன்னார்கள். இங்கே கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. உடம்பே அரண்டுபோகிறது, அந்த உடம்பைக் கண்டு மனம் அரண்டுபோகிறது.

புதுப் பெயர், பழைய நோய்

இது நாகரிகம் கொண்டுவந்த நோய் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள் பலர் நெஞ்சுத் துடிப்பு, மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களைப் பரிசோதித்த டாக்டர் ஜேக்கப் டா கோஸ்டா என்பவர், பலருக்கு இருதயத்தில் பழுது எதையும் காணாமல், 1871ஆம் ஆண்டில் 'எரிச்சல் கொண்ட இருதயம்' என்று பெயரிட்டு எழுதினார். அவர்களில் ஒரு சாராருக்கு இருந்தது பீதி நோயாகத்தான் இருக்கும் என்று இன்று கருதுகிறார்கள்.

1950களின் கடைசியில் நியூயார்க் நகரில் டாக்டர் டோனால்ட் கிளைன் என்பவர், இமிப்ரமைன் என்ற மாத்திரையைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். "செத்துப் போகிறேன்" என்று தாதிகளிடம் ஓடி வந்துகொண்டிருந்தவர்கள் சில வாரங்களில் ஓடி வருவதை நிறுத்தினார்கள். சாதாரணக் கவலை வேறு, இந்தத் திடீர்ப் பீதி வேறு என்று அவருக்குப் புலப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் பீதி நோயைத் தனி நோயாகச் சேர்த்தார்கள். அந்த அம்மாவின் தாயாருக்கு வேப்பிலை அடித்த காலத்தில், அவர் நோய்க்கு உலகத்திலேயே ஒரு சரியான பெயர் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. யாரைக் குறை சொல்வது?

தாயைப் போல பிள்ளையா?

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பது பீதி நோய்க்கும் பொருந்துமா?

ஓரளவு பொருந்தும் என்பதுதான் உண்மையான பதில். மறைக்க வேண்டியதில்லை.

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பீதி நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரை ஆராய்ந்தார்கள். அந்த நெருங்கிய உறவினர்களில் 17 விழுக்காட்டினருக்கு இந்நோய் வரும் என்று கணக்கு வந்தது. நோய் இல்லாதவர்களின் உறவினர்களிடையே அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பிறகு 2001ஆம் ஆண்டில், அதுவரை நடந்த நல்ல ஆராய்ச்சிகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், நோயாளியின் நெருங்கிய உறவினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று முடிவு கூறினார்கள்.

ஐந்து மடங்கு என்றதும் நெஞ்சு திடுக்கிடும். அதே கணக்கை மறுபக்கமிருந்து பாருங்கள். அந்த அயோவா கணக்கிலேயே, நூறு உறவினரில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் நோயின்றியே இருந்தார்கள். தாய்க்கு இருப்பதால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பது பொய். வராமல் போகும் பிள்ளைகளே அதிகம்.

சரி, ஒரே வீட்டில் வளர்வதால் வருகிறதா, ரத்தத்தில் வருகிறதா? இதை அறிய விஞ்ஞானிகள் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்கிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றேபோல் இருக்கும். இரு கருமுட்டைகளில் பிறந்த இரட்டையர் சாதாரண அண்ணன் தம்பி போலத்தான். இருவகையினரும் ஒரே வீட்டில்தான் வளர்கிறார்கள். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த நார்வே நாட்டு ஆராய்ச்சி ஒன்றில், ஒருவருக்குப் பீதித் தாக்குதல் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஒரே கரு இரட்டையரிடம்தான் அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த ஒரே கரு இரட்டையரிலும் பாதிக்கு மேற்பட்ட ஜோடிகளில் மற்றவர் தப்பியிருந்தார். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. மரபணு மட்டுமே காரணம் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒட்டு மரம் சொல்லும் பாடம்

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டு ரகத்தை வெட்டிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஒரே தாய் மரத்தின் மொட்டிலிருந்து வழிவழியாக ஒட்டுக் கட்டிய மரங்கள் அவை. எல்லாம் ஒரே வம்சம். இருந்தும் பள்ளத்தில் ஈரத்தில் நின்ற நிரையும், மேட்டில் கல்லில் நின்ற நிரையும் ஒரே அளவு பால் கொடுத்தனவா? ஒரு ரகத்துக்கு இலை நோய் சீக்கிரம் வரும், இன்னொரு ரகம் தாங்கும் என்பதும் நமக்குத் தெரியும். அந்த ரகம் நோயோடு பிறக்கவில்லை. நோய்க்கு இடம் கொடுக்கும் தன்மையோடு பிறந்தது. தொடர் மழை வந்த வருடம் இலை உதிர்ந்தது. வராத வருடம் நன்றாகவே நின்றது.

மனிதரும் அப்படியே. மேலே சொன்ன 2001ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பீதி நோய் வரும் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 43 விழுக்காடு மரபணுக்களைச் சார்ந்தது. மீதி, அவரவர் வாழ்க்கையில் தனித்தனியாக நேரும் அனுபவங்களைச் சார்ந்தது. இதைப் படித்துவிட்டு, "நூறு பிள்ளைகளில் 43 பேருக்கு வரும்" என்று யாரும் தப்புக் கணக்குப் போட வேண்டாம். அது ஊர் மக்கள் முழுவதையும் வைத்துச் சொல்லும் கணக்கு. ஒரு வீட்டுப் பிள்ளையின் தலையெழுத்தை அது சொல்லாது.

தொடர் மழை என்று எதைச் சொல்லலாம்? சிறு வயதில் தாயையோ தந்தையையோ பிரிவது, அடி உதை, மானபங்கம், அன்புக்கு உரியவரின் மரணம், ஓயாத குடும்பச் சண்டை, இளம் வயதிலேயே பிடிக்கும் சிகரெட். இவை இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுவதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மரபணுவை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் இவற்றில் சிலவற்றையாவது வீட்டுப் பெரியவர்கள் மாற்ற முடியும் அல்லவா?

'பயத்தின் மரபணு' கிடைத்துவிட்டதா?

அவ்வப்போது பத்திரிகைகளில் "பயத்துக்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும். நம்பி ஏமாற வேண்டாம். 2001ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள், பதினைந்தாம் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டிப்பாக இருப்பதே பீதி நோய்க்குப் பெருங்காரணம் என்று அறிவித்தார்கள். உலகமெங்கும் அது பெரிய செய்தியானது. மற்ற நாட்டு ஆய்வுக்கூடங்கள் தேடிப் பார்த்தன. அந்த இரட்டிப்பு அவர்கள் கண்ணில் படவே இல்லை.

2019ஆம் ஆண்டில் டென்மார்க், எஸ்தோனியா, ஜெர்மனி, ஸ்வீடன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை, நோயில்லாத ஏறக்குறைய எட்டாயிரம் பேரின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். "இதுதான்" என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட ஓர் இடம்கூட அகப்படவில்லை. ஆனால் சின்னஞ்சிறு வேறுபாடுகள் ஏராளமாகச் சேர்ந்து பாரத்தைக் கூட்டுகின்றன என்பதும், அவற்றில் பல மனச்சோர்வு நோய்க்கும் பொதுவானவை என்பதும் தெரிந்தன. பல கைகள் சேர்ந்து இழுக்கும் தேர் போன்றது இது. தனியாக ஒரு கையைப் பிடித்து, "நீதான் இழுத்தாய்" என்று சொல்ல முடியாது. ஆகவே, இந்நோய் வருமா வராதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்று எங்கும் இல்லை. இருக்கிறது என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் வழிவழியாக வருவதுதான் என்ன?

நமது மூளையில் ஆபத்தை அறிவிக்கும் மணி ஒன்று இருக்கிறது. பாம்பைக் கண்டால் அது அடிக்கும். உடனே அட்ரினலின் சுரந்து இருதயம் வேகமாக ஓடும். நாம் தப்பி ஓடுவோம். சிலருக்கு இந்த மணி இலேசான அசைவுக்கே அடித்துவிடுகிறது. வழிவழியாக வருவது பெரும்பாலும் இந்த மெல்லிய மணிதான் என்று கருத இடமிருக்கிறது.

கரியமில வாயு அதிகம் கலந்த காற்றை ஒரே ஒரு முறை இழுக்கச் செய்தால் பீதி நோயாளிகள் பலருக்குத் தாக்குதல் வந்துவிடுகிறது. நோயே இல்லாத அவர்களுடைய நெருங்கிய உறவினர்களிடம் இதே சோதனையைச் செய்தபோது, அவர்களும் மற்றவர்களைவிட அதிகமாகப் பதறினார்கள். கோப்பியும் அப்படித்தான். ஏறக்குறைய ஐந்து கோப்பைக் கோப்பிக்குச் சமமான காஃபினைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குத் தாக்குதல் வந்தது. நோயில்லாதவர்களுக்கு அநேகமாக வரவில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் கோப்பி ஓவைக் குடித்துவிட்டு ஓடுகிற நம் மக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குப் போகிறது. அது ரத்தத்தில் போவதில்லை, கண்ணில் போகிறது. "ஐயோ, நெஞ்சு துடிக்கிறதே" என்று தாய் அலறும்போது, நெஞ்சு துடிப்பதே ஆபத்து என்று பிள்ளை படித்துக்கொள்கிறது. தாய் பஸ் ஏற மறுத்தால் பஸ் பயங்கரமானது என்று எண்ணிக்கொள்கிறது. இது பாடம் போல் கற்றது. பாடம் போலவே மாற்றிக் கற்கலாம்.

என் வீட்டுக் கதை

அந்த அம்மாவிடம் பிறகு ஒரு விஷயம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். என் தகப்பனார் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். நாற்பது வயதில் ஒருநாள் ஆற்றுப் பாலத்தின் நடுவில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஓட்டவில்லை. "நெஞ்சு வலிக்காரர்" என்று பெயர் வாங்கி, வெளிவேலை செய்து காலத்தைக் கழித்தார். எனக்கு முப்பத்திரண்டு வயதில், பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸில், அதே மூச்சு முட்டல் வந்தது. பாலத்தின் நடுவில் அப்பா என்ன கண்டார் என்று அன்றுதான் புரிந்தது. டாக்டரிடம் போனேன். சிகிச்சை எடுத்தேன். இன்று அதே பஸ்ஸில்தான் போய்வருகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் வந்தது ஒன்றுதான். எனக்குக் கிடைத்த சிகிச்சை அவருக்குக் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, டாக்டரிடம் காட்டுங்கள். முதன்முறை நெஞ்சு வலி வந்தால், "இது பயம்தான்" என்று நாமே முடிவு செய்யக்கூடாது. இருதயத் துடிப்புக் கோளாறு, தைராய்டு, ரத்தசோகை, இனிப்புநீர் மருந்தால் சர்க்கரை இறங்குதல் ஆகியவையும் இப்படிக் காட்டும். மருந்து அடிக்கும் வேலைக்குப் பிறகு வேர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் அது விஷமாக இருக்கலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டாவது, இதற்குச் சிகிச்சை உண்டு. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கலாம். தேவையானால் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். பயத்தை உண்டாக்கும் எண்ணத்தையும், ஒதுங்கும் பழக்கத்தையும் பயிற்சியால் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சை ஒன்று. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் மற்றொன்று. இம்மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நான்கு நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். பயத்தை உடனே அமர்த்தும் சில மாத்திரைகள் பழக்கமாகிவிடும் தன்மை உடையவை. பக்கத்து வீட்டில் வாங்கி விழுங்காதீர்கள். 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்' என்ற பழைய பயமும் வேண்டாம். இந்நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே, வேலைக்குப் போய்க்கொண்டே குணம் காண்கிறார்கள்.

மூன்றாவது, தாக்குதல் வரும்போது சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். கன்னத்தில் அறையாதீர்கள், எலுமிச்சையும் வேப்பிலையும் தேடி ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது வந்தது போல் போய்விடும், நான் இருக்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள்.

நான்காவது, கல்யாணம் பேசும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் குடும்பத்தில் உண்டு என்பதற்காக நாம் பெண் கொடுக்காமலோ எடுக்காமலோ இருக்கிறோமா? அவையும் வழிவழியாக வருபவைதாம். பீதி நோயை மட்டும் குலத்துக்கே வந்த களங்கமாகப் பேசுவது என்ன நியாயம்? மறைக்கச் செய்வதும் நாமே. மறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதும் நாமே.

அந்த அம்மாவுக்கு நான் கடைசியாகச் சொன்ன பதில் இது: "நீங்கள் கொடுத்தது நோய் அல்ல அம்மா. சீக்கிரம் அடிக்கிற ஒரு மணி. அதை நீங்கள் தெரிந்து கொடுக்கவில்லை. உங்களுக்கும் யாரும் தெரிந்து கொடுக்கவில்லை. மகளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அப்படியே உங்கள் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள்."

இருவரும் போனார்கள். மகள் அடுத்த வாய்ப்பில் கணக்குச் சோதனையை எழுதி முடித்தாள். இடையில் ஒரு முறை படபடப்பு வந்ததாம்; பேனாவைக் கீழே வைத்து, மூச்சைச் சீர்படுத்திக்கொண்டு மறுபடியும் எழுதினாளாம். இருபது வருடமாகத் தனியாகப் பஸ் ஏறாத அந்தத் தாய், போன மாதம் தனியாகப் பட்டணத்துச் சந்தைக்குப் போய்வந்து, எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அன்று என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாயோ பிள்ளையோ இருந்தால், கிளினிக்குக்குப் போகும்போது, "எங்கம்மாவுக்கும் இருந்தது, எங்கள் பாட்டிக்கும் இருந்தது" என்று டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். குடும்பக் கதை தெரிந்தால் நோயைச் சீக்கிரம் கண்டுகொள்ள அது அவருக்கு உதவும்.